நம் தெருவில் வீடற்றோர் காப்பகம்: யார் பணம் தருகிறார்கள், யார் நடத்துகிறார்கள், யார் வருவார்கள்?

பெரம்பூர்க்காரர் (இழையைத் தொடங்கியவர்)

சென்னை பெரம்பூரில் எங்கள் தெருமுனையில் நெடுங்காலமாகப் பூட்டிக் கிடக்கும் மாநகராட்சிக் கட்டடம் ஒன்றை வீடற்றோர் காப்பகமாக மாற்றும் யோசனை இருப்பதாகத் தெரியவந்ததிலிருந்து, குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வேறு பேச்சே இல்லை. பாதுகாப்பு போய்விடும் என்கிறார்கள் சிலர். மனை விலை இறங்கிவிடும் என்கிறார்கள் சிலர். புண்ணியம் என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச வேண்டும் என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். ஆதரித்தோ எதிர்த்தோ பேசுவதற்கு முன்பு, இந்தக் காப்பகங்கள் எந்தச் சட்டத்தின் கீழ், எந்தப் பணத்தில், யார் பொறுப்பில் நடக்கின்றன என்பதையும், அங்கே உண்மையில் தங்குபவர்கள் யார் என்பதையும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன். இத்துறையில் பழக்கம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஏட்டுக்கணக்கு

முதலில் சட்டப் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்றைய குறைகளில் பாதி அங்கேயே தொடங்குகிறது. 2001-இல் உணவு உரிமைக்காக மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில்தான் வீடற்றோருக்கான காப்பகம் என்ற கேள்வியும் வந்து சேர்ந்தது. 2010-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டெல்லியில் கடுங்குளிர் அடித்துக்கொண்டிருந்தபோது, தெருவில் கிடப்பவர்களுக்கு உடனடியாகத் தங்குமிடம் தர வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. பிறகு அது மற்ற மாநிலங்களுக்கும் விரிந்தது. பெருநகரங்களில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம், அதுவும் நாள் முழுவதும், ஆண்டு முழுவதும் இயங்கும் காப்பகம் என்பது அப்போது பிறந்த அளவுகோல்.

2013-இல் தொடங்கி 2024 வரை நடந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் இந்த அளவுகோலை ஒரு திட்டமாக ஆக்கியது. ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி, ஒரு காப்பகத்தில் 50 முதல் 100 பேர், ஒரு மேலாளர், முறை மாற்றிப் பணிபுரியும் காப்பாளர்கள் மூவர் என்று அதன் வழிகாட்டு நெறிகள் வகுத்தன. கட்டடத்தை மாநகராட்சி தரும். அன்றாட நிர்வாகத்தை ஒரு தொண்டு நிறுவனம் ஏற்கும். அந்தத் திட்டத்தில் செலவை மத்திய அரசும் மாநில அரசும் பங்கிட்டுக்கொண்டன. இந்தப் பங்கு தொடக்கத்தில் 75-க்கு 25 என்றிருந்து, பின்னர் 60-க்கு 40 ஆனது.

இப்போது பணத்தைப் பாருங்கள். 50 பேர் தங்கும் காப்பகத்தை நடத்த ஆண்டுக்கு 6 லட்சம் ரூபாய் என்று அந்தத் திட்டம் வகுத்தது. மாதத்துக்கு 50 ஆயிரம். தலைக்கு மாதம் ஆயிரம், நாளொன்றுக்கு 33 ரூபாய். இந்த 33 ரூபாய்க்குள் நான்கு ஊழியர்களின் சம்பளம், மின்சாரம், துப்புரவு, பாய், போர்வை, சோப்பு எல்லாம் அடங்க வேண்டும். மாநகராட்சியே தன் நிதியிலிருந்து சேர்த்துக் கொடுப்பதும், நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியும், தனியார் நன்கொடையும் மீதியை நிரப்புகின்றன. ஆகவே நீங்கள் கேட்ட கேள்விக்கு நேரடி விடை இதுதான்: அரசு ஒரு பகுதி தருகிறது, தொண்டு நிறுவனத்துக்கு எவ்வளவு கையிருப்பு இருக்கிறதோ அவ்வளவுதான் காப்பகத்தின் தரம்.

முன்னாள் ஒருங்கிணைப்பாளர்

ஏட்டுக்கணக்கு அவர்கள் சொன்னதோடு உள்ளே இருந்து பார்த்தவள் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். நான் பணியாற்றிய நிறுவனத்தின் பெயர் இங்கு தேவையில்லை.

உங்கள் சங்கத்தார் அஞ்சுவது யாரைக் கண்டு என்று தெரியவில்லை. ஆண்கள் காப்பகத்தில் மாலை ஏழு மணிக்கு மேல் வந்து படுப்பவர்களில் பெரும்பாலோர் உழைத்துவிட்டு வருபவர்கள். கோயம்பேட்டில் மூட்டை இறக்குபவர், கல்யாணச் சமையலுக்குப் போகிறவர், ஓட்டலில் பாத்திரம் கழுவுபவர், மீன்பாடி வண்டி ஓட்டுபவர், காவலாளி. இவர்களுக்கு வருமானம் உண்டு. முன்பணம் கொடுத்து ஒரு அறை எடுக்கும் அளவுக்குச் சேர்ந்தாற்போல் பணம் இல்லை, ஜாமீன் சொல்ல ஆளும் இல்லை. பெண்கள் காப்பகம் வேறு உலகம். கணவன் அடித்து விரட்டியவர், பிள்ளைகள் கைவிட்ட முதியவர், மனநலச் சிகிச்சை முடிந்தும் வீட்டார் அழைத்துப்போக வராதவர் என்று அங்கே இருப்பவர்கள் நீண்ட காலம் தங்குவார்கள். இரண்டுக்கும் ஒரே தொகையை ஒதுக்கிவிட்டு இரண்டும் ஒரே மாதிரி நடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்தான் சிக்கல்.

செலவுப் பட்டியலில் இடமே இல்லாத செலவுகளைச் சொல்கிறேன். நள்ளிரவில் ஒருவருக்கு வலிப்பு வந்தால் அரசு மருத்துவமனைக்கு 108 வந்துவிடும். ஆனால் உடன் நான்கு நாள் இருக்க ஆள் வேண்டும். ஒடிசாவில் அண்ணன் இருக்கிறார் என்று ஒருவர் நினைவு திரும்பிச் சொன்னால், அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்க இருவருக்கு ரயில் கட்டணமும் நாலைந்து நாள் கூலியும் வேண்டும். யாருமில்லாமல் இறந்தவருக்கு ஈமக்கடன் செய்ய வேண்டும். இவை எப்போதாவது வருபவை அல்ல, ஒவ்வொரு மாதமும் வருபவை. தவணை தள்ளிப்போகும் மாதங்களில் காப்பாளர்கள் சம்பளம் இல்லாமல் வேலை செய்வார்கள். அவர்களில் சிலரே ஒரு காலத்தில் அங்கே தங்கியவர்கள் என்பதால்தான் அது சாத்தியமாகிறது.

ஒரே ஒரு விஷயத்தில் சென்னைக்கு அதிர்ஷ்டம் உண்டு. 2013 பிப்ரவரியில் தொடங்கிய அம்மா உணவகங்கள் காப்பகத்துக்கு அருகில் இருந்துவிட்டால் உணவுக் கவலை பாதி தீர்ந்துவிடும். நான்கு இட்லி நான்கு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், இரவு இரண்டு சப்பாத்தி மூன்று ரூபாய். ஒருவர் நாள் முழுவதும் 12 ரூபாய்க்குச் சாப்பிடலாம். காப்பகத்துக்கு இடம் பார்க்கும்போது இதை ஒரு நிபந்தனையாகவே வைக்கலாம்.

வரிகட்டுபவன்

விளக்கங்களுக்கு நன்றி. ஆனாலும் எனக்குத் திருப்தி இல்லை. பழைய நகரத்தில் வால்டாக்ஸ் சாலையிலும் யானைகவுனியிலும் நடைபாதையில் குடும்பம் நடத்துபவர்களை நான் சிறுவனாக இருந்ததிலிருந்து பார்க்கிறேன். நகரின் தென்கோடியில் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் வீடே கட்டிக் கொடுத்தார்கள்; அதைப் பூட்டிவிட்டோ வாடகைக்கு விட்டுவிட்டோ திரும்ப அதே நடைபாதைக்கு வந்தவர்கள் உண்டா இல்லையா? காப்பகம் திறந்தாலும் வரமாட்டேன் என்கிறார்கள். வேண்டாம் என்பவர்களுக்காக இன்னும் எத்தனை கட்டடங்களை ஒதுக்குவது? வரிப்பணம் என்பது யாரோ ஒருவருடைய உழைப்பு.

மின்ட் தெரு மகள்

ஐயா, நீங்கள் பார்த்துக்கொண்டே வளர்ந்த அந்த நடைபாதையில் வளர்ந்தவள் நான். என் பாட்டியும் அங்கேதான் இருந்தார். ஆகவே வேண்டாம் என்று ஏன் சொல்கிறோம் என்பதை நான் சொல்வது முறை.

எங்களுடையது தனி ஆட்கள் வந்து படுத்துப் போகும் இடமல்ல. அடுப்பும் குடமும் தார்ப்பாயும் உறவுமுறையும் கொண்ட தெரு. பாரிமுனையைச் சுற்றியுள்ள குடும்பங்களில் பல மூன்று, நான்கு தலைமுறையாக அதே இடத்தில் இருப்பவை. காப்பகத்துக்கு வாருங்கள் என்று அழைப்பவர்கள் அம்மாவைப் பெண்கள் காப்பகத்துக்கும், அப்பாவை ஆண்கள் காப்பகத்துக்கும், பதின்மூன்று வயதுத் தம்பியைச் சிறுவர் காப்பகத்துக்கும் அழைக்கிறார்கள். மூன்றும் மூன்று மண்டலங்களில் இருக்கலாம். உங்கள் குடும்பத்தை அப்படிப் பிரித்து மூன்று கட்டில் கொடுத்தால் நீங்கள் போவீர்களா? வழிகாட்டு நெறிகளில் குடும்பங்களுக்கான காப்பகத்துக்கும் இடம் இருக்கிறது என்று பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். இருந்தும் இந்த நகரத்தில் பெரும்பாலான காப்பகங்கள் ஆண், பெண், சிறுவர் என்று பிரிக்கப்பட்டவையே. அவற்றின் வாசலில் எங்களைப் போன்ற குடும்பங்கள் நிற்பதற்கே வழியில்லை.

பெரும்பாக்கத்துக்கு வருகிறேன். பாரிமுனையிலிருந்து அது ஏறத்தாழ 25 கிலோமீட்டர். சௌகார்பேட்டையில் காலை ஆறு மணிக்குள் மூன்று வீடுகளில் வாசல் தெளித்துப் பாத்திரம் தேய்க்க வேண்டிய பெண், அங்கிருந்து எத்தனை மணிக்குக் கிளம்புவாள்? 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது உண்மைதான்; விடியற்காலை மூன்று மணிக்குப் பேருந்து இல்லை என்பதும் உண்மை. இரவு வேலை முடித்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்கு வண்டியை நிறுத்தும் ஆண் எங்கே போவான்? வீடு கிடைத்தது, வேலை போயிற்று, பிள்ளையின் பள்ளிக்கூடம் போயிற்று, கடன் கொடுக்கும் கடைக்காரர் போனார். திரும்பி வந்தவர்கள் வீட்டை வெறுத்து வரவில்லை, ஐயா. வாரத்தில் ஐந்து நாள் நடைபாதையிலும் இரண்டு நாள் பெரும்பாக்கத்திலும் இருப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களை வீடுள்ளவர் என்பதா, வீடற்றவர் என்பதா?

ஏட்டுக்கணக்கு

இந்த இடத்தில் எண்ணிக்கையைப் பற்றிப் பேசியாக வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடற்றோரை பிப்ரவரி 28-ஆம் நாள் இரவு எண்ணினார்கள்; சென்னை மாவட்டத்தில் 16,682 பேர். மாநகராட்சி 2018-இல் எடுத்த கணக்கில் 9,087 பேர். இரண்டாவது கணக்கு நடந்தபோது நகரத்தின் பரப்பு 426 சதுர கிலோமீட்டராக விரிந்திருந்தது, எண்ணிக்கையோ குறைந்திருக்கிறது. இடையில் மறுகுடியமர்வு நடந்தது ஒரு காரணமாக இருக்கலாம். மேலே சொன்னபடி இரண்டு இடத்தில் வாழ்பவர்கள் எந்தப் பட்டியலிலும் சேராமல் போவது இன்னொரு காரணமாக இருக்கலாம். பாலத்தடியிலும் கடை வாசலிலும் இரவு பதினொரு மணிக்கு மேல் வந்து படுத்து விடியுமுன் எழுந்துவிடுபவரைப் பகலில் போய் எண்ண முடியாது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. விரிவடைந்த மாநகரத்தின் 2011 மக்கள்தொகை ஏறத்தாழ 67 லட்சம். லட்சத்துக்கு ஒன்று என்றால் 67 காப்பகங்கள். ஒவ்வொன்றிலும் 50 பேர் என்றால் 3,350 இடம்தான். இன்று இயங்குபவை ஐம்பதை ஒட்டியவை. அவற்றிலும் ஒரு பகுதி அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளுக்குத் துணையாக வந்தவர்கள் தங்குபவை. அவை மிகத் தேவையானவை, அவற்றை நான் குறைசொல்லவில்லை. ஆனால் மின்ட் தெருக் குடும்பத்துக்கு அவற்றால் பயன் இல்லை. அளவுகோலை முழுதாக நிறைவேற்றினாலும் 2018-இல் எண்ணப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் கூடுதலானவருக்கே இடம் என்றால், நகரத்தின் மக்கள்தொகையை வைத்துக் காப்பகங்களைக் கணக்கிட்டதே கோணல். எங்கே எத்தனை பேர் தெருவில் உறங்குகிறார்கள் என்பதை வைத்து மண்டலவாரியாகக் கணக்கிட்டிருக்க வேண்டும். பாரிமுனை அடங்கிய ராயபுரம் மண்டலத்துக்குப் பத்து வேண்டியிருக்கலாம். சில மண்டலங்களுக்கு ஒன்று போதும்.

குளிருக்காகப் பிறந்த திட்டம் என்று தொடக்கத்தில் சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. டெல்லியில் ஜனவரி இரவைக் கடத்த ஒரு கூரையும் போர்வையும் உயிரைக் காக்கும். சென்னையில் மே மாதத்தின் பகலும் நவம்பரின் அடைமழையும்தான் எதிரிகள். மே மாதப் பகலில் காப்பகத்தைப் பூட்டி வைத்தால் அது காப்பகம் ஆகாது. நாள் முழுவதும் திறந்திருக்க வேண்டும் என்று நெறி சொல்கிறது. பகலில் ஆள் இருக்கச் சம்பளம் வேண்டுமே.

கீழ்ப்பாக்கம் வாசகி

யாரும் தொடாத ஒரு பகுதியைச் சொல்கிறேன். தெருவில் தனியாகத் திரிந்து, தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பவரைக் கண்டால் பொதுமக்கள் காப்பகத்தைத்தான் முதலில் நினைக்கிறார்கள். அது சரியான வாசல் அல்ல. 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆம் பிரிவு, அப்படிப்பட்டவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்காகக் கொண்டுபோவதைக் காவல் துறையின் கடமையாக்கியிருக்கிறது. வீடற்றவராக இருந்தால் காணாமல் போனவர் என்ற வகையில் முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும் என்றும் சொல்கிறது. சென்னைக் காவல் துறை 2021-இல் தொடங்கிய காவல் கரங்கள் பிரிவு இதற்கு உதவுகிறது. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை 1794-இலிருந்து இருப்பது. 1993-இல் இரண்டு இளம்பெண்கள் தொடங்கிய பேன்யன் அமைப்பு, தெருவில் கிடந்த பெண்களுக்குச் சிகிச்சையும் வீடும் தருவதில் இந்த நகரத்துக்கே வழி காட்டியது.

சிகிச்சையில் நகரம் அவ்வளவு மோசமில்லை. சிகிச்சை முடிந்த பிறகுதான் மோசம். குணமானவரைக் குடும்பம் ஏற்காவிட்டால் அவர் வாழ்நாள் முழுவதும் மருத்துவமனையிலேயே இருக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 19-ஆம் பிரிவு சொல்கிறது. சரி, எங்கே இருப்பது? சாதாரணக் காப்பகத்தில் மாத்திரை கொடுக்கப் பயிற்சி பெற்றவர் இல்லை. நாலைந்து பேர் ஒரு வாடகை வீட்டில் ஒரு துணையாளருடன் வாழும் ஏற்பாட்டை பேன்யன் நடத்திக் காட்டியிருக்கிறது. வீட்டு உரிமையாளர் சம்மதிக்க வேண்டும், அக்கம்பக்கத்தார் சம்மதிக்க வேண்டும். அதாவது பெரம்பூர்க்காரரின் சங்கத்தைப் போன்றவர்கள் சம்மதிக்க வேண்டும்.

பெரம்பூர்க்காரர்

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு அனைவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். காப்பகத்தில் தங்குபவர்களிடம் ஆதார் கேட்பார்களா? எங்கள் சங்கத்தில் எழுந்த முதல் கேள்வியே அடையாளச் சான்று பற்றியதுதான்.

முன்னாள் ஒருங்கிணைப்பாளர்

சான்று இருந்தால்தான் உள்ளே விடுவோம் என்றால் மிகவும் தேவைப்படுபவர் வெளியே நிற்பார். ஆகவே நுழைவுக்குச் சான்று நிபந்தனை அல்ல. பெயர், வயது, ஊர், நிழற்படம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுவோம். காப்பகம் செய்ய வேண்டியது சான்று கேட்பது அல்ல, சான்று வாங்கித் தருவது. நிலையான வீடில்லாதவருக்கு ஆதார் எடுக்கத் தனி ஏற்பாடு செய்ய வேண்டும் என்று ஆதார் சட்டத்தின் 5-ஆம் பிரிவே சொல்கிறது. வாக்காளர் பட்டியலில் சேரவும் வீட்டு முகவரிச் சான்று கட்டாயம் இல்லை. அவர் உறங்குவதாகச் சொன்ன இடத்துக்கு வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் போய்ப் பார்த்து உறுதிசெய்தால் போதும் என்பது தேர்தல் ஆணையத்தின் நடைமுறை. பலருக்கு இது தெரியாது, சில சமயம் அலுவலருக்கே தெரியாது.

இடறும் இடம் குடும்ப அட்டை. அட்டை தருமுன் தனிச் சமையலறை உண்டா என்று பார்ப்பார்கள்; நடைபாதையில் இருப்பவர் என்ன சொல்வார்? அட்டை இல்லாவிட்டால் ரேஷன் அரிசி இல்லை என்பதோடு போகவில்லை. 2023 செப்டம்பர் முதல் வழங்கப்படும் மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகைக்கும் அந்த அட்டைதான் அடிப்படை. அந்தத் தொகை மிகவும் தேவைப்படும் பெண் அந்த வரிசையிலேயே நிற்க முடியாமல் போகிறாள். ஒரு நல்ல காப்பகம் ஓராண்டில் எத்தனை பேருக்கு அட்டை வாங்கித் தந்தது, எத்தனை பேர் வாடகை அறைக்கு மாறினார்கள் என்பதை வைத்தே அதை மதிப்பிட வேண்டும். இப்போது கேட்கப்படுவதோ நேற்றிரவு எத்தனை பேர் படுத்தார்கள் என்ற ஒரே எண்.

வரிகட்டுபவன்

மின்ட் தெரு மகள் எழுதியதைப் படித்த பிறகு, வேண்டாம் என்பவர்கள் என்று நான் பொத்தாம்பொதுவாக எழுதியதைத் தொடர்ந்து வாதாடப் போவதில்லை. ஆனால் இன்னொன்று நிற்கிறது. அவர் சொன்ன நியாயப்படியே பார்த்தாலும் காப்பகம் பாரிமுனையில் அல்லவா வேண்டும்? பெரம்பூரில் பூட்டிய கட்டடம் இருக்கிறது என்பதற்காகப் பெரம்பூரில் திறப்பது என்ன கணக்கு?

மின்ட் தெரு மகள்

இதில் உங்களோடு முழுதாக உடன்படுகிறேன், ஐயா. கட்டடம் கிடைத்த இடத்தில் காப்பகம் திறப்பது இந்த நகரத்தின் நெடுநாள் வழக்கம். எங்கள் ஆட்களுக்கு அது உதவாது. பழைய நகரத்திலேயே மாநகராட்சிக்கும் பிற அரசுத் துறைகளுக்கும் பயன்படுத்தாத கட்டடங்கள் இருக்கும். அவற்றில் குடும்பங்கள் தடுப்புச் சுவருடன் தங்க இடமும், பொருளை வைத்துப் பூட்ட ஒரு பெட்டியும், பெண்கள் குளிக்க ஓர் அறையும் இருந்தால் நாளைக்கே வருவார்கள். கட்டணக் கழிப்பறைக்கு ஒரு குடும்பம் நாளொன்றுக்கு எவ்வளவு கொடுக்கிறது என்று கணக்குப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் அதைக் காரணம் காட்டிப் பெரம்பூர்க் காப்பகத்தை நிறுத்திவிடாதீர்கள். பெரம்பூர் ரயில் நிலையத்தைச் சுற்றியும் தெருவில் படுப்பவர்கள் உண்டு. யாருக்கான காப்பகம் என்பதை முதலில் முடிவு செய்யச் சொல்லுங்கள்.

பெரம்பூர்க்காரர்

அப்படியானால் பகுதி சபையில் எதிர்ப்பையோ ஆதரவையோ மட்டும் வைக்காமல், கேள்விகளாக வைக்கலாம் என்று நினைக்கிறேன். இரவில் எங்கள் வட்டத்தில் உறங்குபவர்களை எண்ணிய பிறகு காப்பகம் யாருக்கு என்று முடிவு செய்தார்களா, அந்தக் கட்டடத்தின் பரப்புக்கு ஒருவருக்கு 50 சதுர அடி வீதம் எத்தனை பேரை வைக்க முடியும், பகலில் திறந்திருக்குமா, காப்பாளர் சம்பளத் தவணை தாமதமானால் மாநகராட்சி முன்பணம் தருமா, காப்பக மேலாண்மைக் குழுவில் எங்கள் சங்கத்திலிருந்து ஒருவருக்கும் தங்குபவர்களில் ஒருவருக்கும் இடம் உண்டா. இவற்றைத் தீர்மானமாக எழுதிக் கொடுக்கலாமா, அல்லது வாய்மொழியாகக் கேட்டால் போதுமா?

ஏட்டுக்கணக்கு

எழுதியே கொடுங்கள், ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். வட்டக் குழு உறுப்பினருக்கும் மண்டல அலுவலகத்துக்கும் தலா ஒரு நகல் போகட்டும். பட்டியலில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: பெரம்பூரில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். அந்தக் கட்டடத்தின் தரைமட்டம் தெருவைவிடத் தாழ்ந்திருந்தால், திறப்பு விழாவுக்கு முன்பே அதை உயர்த்தச் சொல்லுங்கள். திறந்த பிறகு அதற்கென்று நிதி வராது.